கழற்ற முடியாத தாலி

என் மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது பாஸ்போர்ட், மெடிக்கல், டிக்கெட் எல்லாம் பெருமாள் புண்ணியத்தில் சரியாக முடிந்துவிட்டன. தாலி விஷயத்தில்தான் எல்லாம் நின்றுபோனது.

நாங்கள் சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம். நைனா காலம் வரை பிறர் நிலத்தில் கூலி செய்த குடும்பம். என் காலத்தில் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வந்தது. போட்ட போர் இரண்டாம் வருஷமே வற்றிவிட்டது. வேர்க்கடலையும் பொய்த்துக்கொண்டே வந்தது. அப்போது எங்கள் பக்கத்து ஜனம் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கியிருந்தது. எனக்கு விசா கிடைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்தது. பெண் பிள்ளைகள் இரண்டையும் நான் பார்த்துக்கொள்வது, அவள் போவது என்று பேசி முடித்தோம்.

குவைத்தில் இருந்து திரும்பியிருந்த எதிர்வீட்டு அக்கா, எதை எடுத்துப்போகலாம், எதைக் கூடாது என்று சொல்ல வந்தார்.

“கழுத்துல ஒண்ணும் வாணாம்மே. தாலியக் கழட்டி சாமிகிட்ட வச்சிட்டுப் போ.”

“தங்கம் வாணாம்க்கா. வெறும் மஞ்சக்கயிறு கட்டிக்கினு போறேன்.”

“அதையுந்தான் சொல்றேன். சில வூட்ல கண்டுக்க மாட்டாங்க. சில வூட்ல கழட்டுன்னுவாங்க. அவங்க சொல்லிக் கழட்டறதவிட நீயே கழட்டிட்டுப் போனா மனசு தாங்கும்.”

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் முன்னால் வந்து நின்றாள்.

“நான் போவல மாமா. நான் அங்க மூளிக் கழுத்தோட நின்னுக்கினு இருக்கறப்ப, இங்க உனக்கு ஒண்ணு ஆயிட்டா?”

“எனக்கு இன்னாமே ஆவப்போவுது? கல்லு மாதிரி கீறேன்.”

“கல்லு மேலயுந்தான் இடி வுழுவுது.”

கல் என்று வாயால் சொன்னேனே தவிர எனக்கும் பயம்தான். சனிக்கிழமை தவறாமல் ஒருபொழுது இருக்கிறவன் நான். சகுனம் பார்க்காமல் ஆட்டைக்கூடச் சந்தைக்கு ஓட்டியதில்லை. பெருமாளைப் பார்த்துவிட்டு வருவோம், போவதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும் என்று அவளைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன்.

தரிசனம் நன்றாக ஆனது. அவர் ஒன்றும் சொன்ன மாதிரி தெரியவில்லை. மலை இறங்கி கீழ்த்திருப்பதிக்கு வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். கோயில் வீதி ஓரத்தில் ஒரு தெலுங்குக்காரப் பெண் பேட்டரி மிஷின் வைத்துப் பச்சை குத்திக்கொண்டிருந்தாள். ஒரு லாரி டிரைவர் புஜத்தில் திருநாமம் குத்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் மனைவி நின்றுவிட்டாள்.

“இது அழியாதாண்ணா?” என்று அவரைக் கேட்டாள்.

“தோலு போனாத்தாம்மா இது போவும்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “மாமா, தாலிய இப்படிக் குத்திக்கினு போறேன். எவ கழட்டச் சொல்றான்னு பாக்கறேன்.”

இது தாலியாகுமா, ஆகாதா? ஆறாவதோடு நின்றவனுக்கு எந்தச் சாஸ்திரம் தெரியும்? ஆனால் எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் தெளிவு இருந்தது. சரி என்று தலையாட்டினேன்.

மிஷின்காரி தன் படப் பலகையைக் காட்டினாள். அதில் தெலுங்கர் வழக்கப்படி இரண்டு வட்டப் பொட்டு இருந்தது. எங்களுடையது ஒற்றை, நடுவில் நாமம். விஷயத்தையெல்லாம் கேட்டுக்கொண்ட அவள், தாலியைக் கழற்றிப் பலகைமேல் வைத்தால் பார்த்து வரைகிறேன் என்றாள். இவளும் யோசிக்காமல் தலைவழியாக எடுக்கப்போனாள்.

“ஏய், கழட்டாத!” என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

“நாளன்னைக்குக் கழட்டப் போறதுக்கு இன்னைக்கு இன்னாத்துக்கண்ணா இந்தக் கூச்சல்?” என்று மிஷின்காரி சிரித்தாள்.

“நாளன்னைக்குன்னா நாளன்னைக்குத்தான். இன்னைக்குக் கழுத்துலயே இருக்கட்டும்.”

புது ஊசி மாட்டச் சொன்னேன், மாட்டினாள். என் மனைவி குனிந்து உட்கார்ந்து, இடது கையால் தாலியைத் தூக்கிப் பிடித்து, வலது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் தாலி வந்தது. கயிறு மாதிரி ஒரு கோடு கையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. மிஷின்காரி துணியால் துடைத்து, “ஆயிப்போச்சு” என்றாள்.

“எங்க ஆச்சு? மூணு முடிச்சு போட வாணாவா? அத நீ போடக் கூடாதும்மா. கட்டினவருதான் போடணும்.”

மிஷின்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மிஷின இதுவரைக்கும் ஒருத்தர் கைலயும் குடுத்ததில்ல” என்று சொல்லிக்கொண்டே என் கையில் கொடுத்தாள். தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி அது துடித்தது. முதல் முடிச்சுக்குத் தொட்டேன். மை மட்டும் ஒட்டியது.

“அழுத்து மாமா. அன்னைக்குக் கட்டறப்ப இப்படியா பயந்த?”

“அன்னைக்கு உனுக்கு ரத்தம் வரலயே!”

பெருமாளே என்று அழுத்தினேன், முதல் முடிச்சு பதிந்தது. இரண்டாவது சரியாக விழுந்தது. மூன்றாவது கோணலாகிப் பெரிதாகிவிட்டது. மிஷின்காரி தன் கொண்டைப் பூவில் நாலு மல்லியைப் பிய்த்து எங்கள் தலையில் போட்டாள். டிரைவர் வீங்கிய கையைத் தூக்கி “கோவிந்தா!” என்றார். நின்றிருந்தவர்களும் சொன்னார்கள்.

புறப்படும் நாளில் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தாலியைக் கழற்றிச் சாமி மாடத்துப் பெட்டியில் வைத்தாள். அழவில்லை.

பத்து மாதம் கழித்து எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. சித்தூர் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தேன். தெளிந்து வரும்போது, பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி என் காலடியிலேயே பேசிக்கொண்டிருந்தாள்: “பொண்டாட்டி கழுத்துல தாலி இல்ல. வேற இன்னா ஆவும்?”

வாய் திறக்கத் தெம்பில்லை. ஆனால் மனசுக்குள், கையில் இருக்கிறதடி, நானே முடிச்சு போட்டது என்று சொல்லிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். அந்த வாரம் எஸ்டிடி பூத்துக்கு அவள் போன் வந்தபோது பெரியவள், “நைனா பலமனேர் சந்தைக்குப் போயிருக்காரும்மா” என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்க்கும் நான் கடன்பட்டவன்.

மூன்று வருஷம் கழித்து அவள் வந்தாள். குவைத்தில் அவள் வேலை பார்த்த வீட்டு அம்மா முதல் நாளே கையைத் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்களாம். இவள் சைகையால் சொல்ல, அவர்கள் தம் விரல் மோதிரத்தைக் காட்டி, இது மாதிரியா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்களாம். எங்கிருந்தாலும் அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

காமாலை விஷயம் அவளுக்கு எதிர்வீட்டு அக்கா மூலம் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு திருச்சானூர் போய், தாயார் சன்னிதியில் வைத்து எடுத்து, தாலியை மறுபடியும் கட்டினேன். திரும்பி வரும்போது விளையாட்டாகச் சொன்னேன்:

“கழுத்துக்கு வந்துட்டுது. இனிமே கைல கீறதுக்கு வேல இல்ல.”

“வேல இல்லியா? நீ நெனவில்லாம கெடந்தப்போ கழுத்துல கீற இது பொட்டியில தூங்கிக்கினு இருந்துது மாமா. கைல கீறதுதான் என்கூடத் துணி தொவச்சுது, பாத்திரம் கழுவுச்சு, உன்னையும் காப்பாத்துச்சு.”

இப்போதும் தினம் குளித்து வந்ததும் அவள் முதலில் கைக்குக் குங்குமம் வைக்கிறாள், அப்புறம்தான் கழுத்துக்கு. இரண்டையும் வைத்து முடிக்கும்வரை நான் கற்பூரம் ஏற்றுவதில்லை.