தட்டை அடுப்பும் உருண்டைக் குவாலியும்

மின்சார அடுப்பு வாங்குமுன் சமையலறை மூலையை அங்குலம் அங்குலமாக அளந்தேன். வயர்மேனை அழைத்து, தடித்த வயரில் தனி லைன் இழுக்கச் செய்தேன். பழைய கரி அடுப்பைப் பக்கத்து வீட்டுப் பாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று செமாபோக்கிலிருந்து நாத்தனார் சாப்பிட வந்தாள். "மெர்டேக்கா வந்துட்டா கரி அடுப்பும் ஆவாதோ, அண்ணி?" என்று சுதந்திரத்தைச் சாக்கிட்டு முன்பு என்னைக் கேலி செய்தவள்.

அவள் வருமுன் புது அடுப்பில் குவாலிச் சட்டியை ஏற்றினேன்; மீன் குழம்பு கொதிக்கவேயில்லை. ஃபியூஸைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பாக்கியம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அடுப்பு தட்டை, உங்க குவாலி அடி உருண்டை. சூடு எங்க ஏறும், அக்கா? கொண்டாங்க லா, உங்க அடுப்பு எங்கிட்டதானே இருக்கு."

இந்த வயதில் குவாலியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனேன்.

நாத்தனார் விரலை நக்கிக்கொண்டே, "கரண்டு அடுப்புக் குழம்பு தனி ருசிதான், அண்ணி!" என்றாள்.

இருந்த களைப்பில் நான் மறுக்கவில்லை. நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?