பென்குயின் என் பக்கத்தில் வந்தபோது

கலிஃபோர்னியாவில் எங்கள் சன்னிவேல் வீட்டு ஹாலில் சுவர் நிறையப் பறவைகள். பென்குயின்கள், ஆல்பட்ராஸ்கள், எனக்குப் பெயர் தெரியாத கடல் பறவைகள், எல்லாம் என் கணவர் எடுத்த படங்கள். எங்கள் கல்யாணப் படம் மட்டும் படுக்கையறை அலமாரிக்குள் இருக்கிறது. அங்கே வெயில் படாதாம், கலர் போகாதாம். அவ்வளவு அக்கறை.

அவர் சாஃப்ட்வேர் எஞ்சினியர். இந்த ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வயது ஏற ஏற அந்த இனத்தில் சிலர் மாரத்தான் ஓடுவார்கள், சிலர் வீட்டிலேயே ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்தை வதைப்பார்கள். இவருக்குப் பறவை பிடித்துக்கொண்டது. கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கினார். சனிக்கிழமை காலையில் வளைகுடா ஓரம் கொக்கு பார்க்கப் போகும்போது அது பின் சீட்டில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வரும். ரோட்டில் குழி வந்தால் அவருடைய ஒரு கை தானாகப் பின்னால் போய் அதைத் தாங்கிக்கொள்ளும். முன் சீட்டில் நான் மடியில் காபியைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டார். ஹவாய் என்றேன்.

"தீவுதானே வேணும்?" என்றார்.

தீவுதான் கிடைத்தது. விமானம் மாறி விமானம் மாறி, பிறகு கப்பலேறி, வாந்தியெடுத்து, உலகத்தின் அடிவாரத்தில் இருக்கிற ஃபாக்லாந்து தீவுகள். கிளம்பும் முன் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"பென்குயின் பக்கத்துல நான் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். அது போதும்."

"ஒண்ணு என்ன, நூறு எடுக்கறேன்" என்றார்.

அற்பமாகத் தெரியலாம். ஆனால் நாங்கள் போன ஊர்களிலெல்லாம் அருவி இருக்கிறது, மலை இருக்கிறது, மான்கூட இருக்கிறது, நான்தான் இல்லை. இந்த முறையாவது இருக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன்.

தீவில் இறங்கும் முன் கப்பலில் எல்லோருடைய உடுப்பையும் சோதித்தார்கள். வெளியூர் விதை எதுவும் அந்த மண்ணில் விழக்கூடாதாம். என் ஜாக்கெட் பையிலிருந்து ஒரு பிடி சோம்பு வந்தது. எங்கள் ஊர் எல் கமீனோ ரோட்டில் சாப்பிட்ட இந்திய ஓட்டலில் பில்லோடு வைத்தது. வழிகாட்டிப் பெண் அதை மிகவும் மரியாதையாக வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தாள்.

"மானம் போச்சு" என்றார் இவர். காலையில் அவருக்கு வயிறு மந்தமாக இருந்தபோது இதே சோம்பைத்தான் கேட்டு வாங்கி மென்றார்.

கரையில் ஆயிரக்கணக்கில் பென்குயின்கள் நின்றன. கண்ணுக்கு எவ்வளவு அழகோ, மூக்குக்கு அவ்வளவு கொடுமை. எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் டயப்பரை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டிய மனிதர், பென்குயின் எச்சத்தில் ஆனந்தமாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் அவருடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளு. உன் நிழல் விழுது."

தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு. ஃப்ரேம்ல வர்ற."

தள்ளினேன். தள்ளித் தள்ளி அடுத்த நாட்டுக்கே போயிருப்பேன், நடுவில் கடல் இருந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. அவர் மெமரி கார்டு மாற்றுவதற்காக என் தோள் பையைத் தேடி வந்திருந்தார். ஒரு பென்குயின் கூட்டத்தை விட்டு விலகி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் போல நேராக என்னிடம் வந்தது. நாமாக அதன் கிட்டே போகக்கூடாது, அதுவாக வந்தால் அசையாமல் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அசையாமல் நின்றேன். என் பூட்ஸை ஒரு தரம் கொத்திப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

"என்னங்க, இப்ப எடுங்க" என்றேன் மெதுவாக.

கேமராவைத் தூக்கினார். இறக்கினார்.

"ரொம்பக் கிட்ட இருக்க. இந்த லென்ஸ்ல ஃபோகஸ் ஆகாது."

தூரத்தில் பறக்கிற பறவையின் இறகை எண்ணிவிடலாம் அந்த லென்ஸில். எதிரே நிற்கும் பெண்டாட்டியைப் பார்க்க முடியாதாம்.

"போன்ல எடுங்களேன்."

"இவ்ளோ பெரிய கேமராவை வச்சுக்கிட்டு போன்லயா?"

அப்படியே இரு, அசையாதே என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து போனார். பென்குயின் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அலுத்துப்போய் நடையைக் கட்டியது. அப்போதுதான் க்ளிக் என்று சத்தம் கேட்டது. அந்தப் படம்தான் இன்றைக்கு ஹால் நடுவில் பெரிதாக மாட்டியிருக்கிறது. ஓரத்தில் என் பூட்ஸின் நுனி விழுந்திருந்தது. அதையும் கிராப் பண்ணிவிட்டார்.

திரும்பி வந்ததும் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, டிவியில் படங்களை ஓட்டினார். அங்கே வெஜ் கிடைத்ததா என்று எல்லோரும் அக்கறையாக விசாரித்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு நண்பரின் அம்மா மட்டும் கடைசிப் படம் வரைக்கும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ போகலையா?"

என் கணவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இவதான் ஆன்ட்டி பையெல்லாம் தூக்கிட்டு வந்தா" என்றார் பெருமையாக.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே, அது எனக்கு வலித்தது என்று அவரிடம் சொன்னேன். கிண்டல் இல்லாமல் நேராகச் சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார், அது காய்ந்து வெகு நேரமாகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கேமராவில் சின்ன லென்ஸ் மாட்டியிருந்தது. பின் சீட் காலி. தண்ணீர் ஓரமாக என்னை நிற்க வைத்து, முடியை ஒதுக்கச் சொல்லி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் இறக்கைச் சத்தம் கேட்டது. அவர் பார்வை என் காதைத் தாண்டிப் போவது தெரிந்தது.

"கூழைக்கடா" என்றார். "கொஞ்சம் தள்ளு."

நான் தள்ளவில்லை.

படத்தில் நான் முழுசாக இருக்கிறேன். என் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல ஷாட் போச்சு என்று இன்னும் புலம்புகிறார். பெரிதாகப் போட்டு ஹால் நடுவில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். அங்கே இடம் இல்லையே என்கிறார். பென்குயின் கொஞ்சம் தள்ளிக்கொள்ளட்டும்.