கை நடுங்கத் தெரிந்த வெங்கடம்மா

புத்தலப்பட்டில் பிறந்து, ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் ரேகா. முதியோர் கல்வி வகுப்பில் பாடம் நடத்துவது அவளுக்குப் பிடிக்கும்; பாடம் நடப்பதைப் பார்க்க வருகிறவர்களைத்தான் பிடிக்காது. சாயங்காலமானால் அங்கன்வாடியில் குழந்தைகள் சிந்திய பருப்புச் சோற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து வரும் பெண்களை உட்காரவைத்துத் தெலுங்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். வீட்டுப் பேச்சு தமிழ், சர்க்கார் எழுத்து தெலுங்கு. ரேஷன் கடைப் பலகையே தெலுங்கில் இருக்கும்போது யார் அலட்டிக்கொள்ளப் போகிறார்கள்?

வெங்கடம்மாவுக்கு மட்டும் ஒரு வைராக்கியம். முன்பு ஏதோ ஆபீசில் ஒருவர் அவளுடைய கட்டைவிரலை, செத்த பல்லியைத் தூக்குவதுபோல் பிடித்து மையில் அழுத்திவிட்டு, உடனே தன் கையைத் துடைத்துக்கொண்டாராம்.

"எவனா ஒரு ஆபீசர் கண்ணு முன்னாடி எம்பேர நானே எழுதணும் டீச்சரம்மா. அப்பால செத்தாலும் சரி."

எழுதவும் பழகிவிட்டாள். திருப்பதியிலிருந்து பெரிய ஆபீசர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றதும், இருக்கிறதிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வெயில் ஏறுமுன்பே வந்து நின்றாள்.

அவளுக்கு முன்பே வந்திருந்தான் சூப்பர்வைசர் சுனில். கூடவே ஒரு வேன் நிறையக் கல்லூரிப் பெண்கள். எல்லோருக்கும் நைந்த புடவை, நெற்றியில் பெரிய குங்குமம். நகப்பூச்சைச் சுரண்ட மட்டும் மறந்திருந்தார்கள்.

"இதெல்லாம் யாரு சார்?" என்றாள் ரேகா.

"உங்க ஸ்டூடன்ட்ஸ் மேடம். நாகலாபுரத்துல ஒரு அம்மா ஆபீசரப் பாத்ததும் சாக்பீஸப் போட்டுட்டு அழுதுடுச்சி. நான்தான் திட்டு வாங்கினேன். இன்னொரு வாட்டி ஆவாது." பிறகு பி.காம். படிக்கும் நந்திதாவிடம் திரும்பினான். "நீதான் வெங்கடம்மா. எழுதறப்ப கை நடுங்கணும், தெரியுதா? சர்ருனு எழுதிடாத."

"எம்பேரு..." என்று ஆரம்பித்தாள் நிஜ வெங்கடம்மா.

"நீ போயி உப்புமாவப் பாரும்மா. அடி புடிக்குது."

ரேகா வாயைத் திறந்தாள். வெளியே ஜீப் வந்து நின்றது. திறந்த வாயால் ஆபீசருக்கு வணக்கம் சொல்லிவிட்டாள்.

நந்திதா அருமையாக நடுங்கினாள். ஆபீசர் மனம் இளகி எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையில் 'வெங்கடம்மா' என்று தெலுங்கில் தாமே எழுதவைத்தார். இவர் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையை விடவும் சற்று நேரமானது. கண் கலங்கி, "ஷபாஷ் அம்மா!" என்றார். சுனிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வேர்வை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து உப்புமாத் தட்டுகளோடு உள்ளே வந்த நிஜ வெங்கடம்மாவை ஆபீசர் கனிவோடு பார்த்தார்.

"இந்தம்மாவ ஏன் சேக்கல? பேரென்னம்மா?"

"அந்தப் பொண்ணு எழுதுச்சே சார், அதான் எம்பேரு."

"ஓ, ஒரே பேரா!" ஆபீசர் சிரித்தார். சுனில் முந்திக்கொண்டு, "அடுத்த பேட்ச்ல முதல் எழுத்துலேர்ந்து ஆரம்பிச்சிடலாம் சார்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ரேகாவின் தோளில் ஒரு பொன்னிறச் சால்வை விழுந்தது.

ஜீப்பும் வேனும் போய்ப் புழுதி அடங்கியதும் ரேகா சால்வையை உருவிக் கரும்பலகையைத் தேய்த்தாள். வழவழத்த பாலியெஸ்டர். துடைக்க மறுத்து, எழுத்தைப் பூசி வைத்தது.

"நீங்க எழுதுங்கக்கா. நான் பாக்கறேன்" என்று சாக்பீஸை நீட்டினாள்.

வெங்கடம்மா வாங்கவில்லை. ஆபீசர் தின்றுவிட்டு வைத்த தட்டிலிருந்து மிளகாயை வழித்து வாசலில் எறிந்தாள்.

"இந்த மூஞ்சிங்க முன்னாடி எழுதிக் காட்டணும்னா டீச்சரம்மா ஆசப்பட்டுக்கினு இருந்தேன்? த்தூ!"

பிறகு ஈரத் துணியை எடுத்துவந்து, சால்வை பூசியதைக் கரும்பலகை கறுக்கும்வரை துடைத்தாள்.

"நாளைக்கி வரேன். பேரு போதும். வேற எதுனா சொல்லிக்குடு."