மதினி பிரித்த மூட்டை

வாசேயாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள்மேல் அல்ல, எங்கள் நாத்தனார் கீவேதின்மேல். கொஞ்சம் என்மேலும்தான்.

வாசேயா என் ஓரகத்தி. நாங்கள் வாழ்க்கைப்பட்டது கொக்குக் குலத்தில் ஒரு வீடு; அங்கே மூத்தவள் கீவேதின், அடுத்தது வாசேயாவின் புருஷன், கடைசி என் புருஷன். என்னவர் அக்காவைக் கேட்காமல் மூக்குக்கூடச் சிந்த மாட்டார். வாசேயாவின் புருஷன் பனி உருகும் நாளில் ஏரிக்குள் விழுந்து செத்தார். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். செத்தவர்களைக் கூப்பிடக் கூடாது.

அவருடைய நல்ல உடுப்புகளையும் ஒரு கொத்து முடியையும் சேர்த்துக் கட்டி வாசேயா கையில் கொடுத்தோம். ஒரு வருஷத்துக்கு அந்த மூட்டைதான் புருஷன். அதற்குச் சோறு வைத்த பிறகே அவள் தின்ன வேண்டும், அதன் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். அவளுக்குப் புதிதாக எது கிடைத்தாலும் மூட்டைக்குள் போய்விடும். தலை வாரக் கூடாது. வருஷம் திரும்பியதும் புருஷன் வீட்டார் மூட்டையைப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, அவள் தலையை வாரி அனுப்பிவிட வேண்டும். ஒரு பொருளை எடுத்துவிட்டால் போதும், துக்கம் முடிந்தது, மறுபடி கட்ட முடியாது. எங்கள் ஜனம் முழுக்க இதைச் செய்கிறது. முறைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருஷம் திரும்பியது. கீவேதின் அசையவில்லை.

"இருக்கட்டும். எந்தம்பிக்கு இவ அழுததே பத்தல" என்றாள்.

அழுகையா பத்தவில்லை? முள்ளம்பன்றி முள்ளில் வாசேயா பூவேலை செய்தால் அதை வாங்க நாலு நாள் துடுப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவள் தைத்த தோல் செருப்பும், அதற்கு மாற்றாக வந்த துணியும் பாசிமணியும் எல்லாம் மூட்டைக்குள் போயின. மூட்டை பருத்தது. கீவேதின் வரும்போதெல்லாம் அதைத் தூக்கிப் பார்த்து, "தம்பிக்குச் சதை வெச்சிருக்கு" என்று சிரிப்பாள். வாயைத் திறந்தேனா? இல்லை. நாளைக்கு என் புருஷன் போனால் என் மூட்டையைப் பிரித்துவிட வேண்டியவளும் இவள்தானே என்று பயந்தேன்.

இரண்டாவது இலையுதிர் காலத்தில், ஏரித் தண்ணீரில் தானாக விளையும் நெல்லை அடிக்க எல்லோரும் கூடியிருந்தபோது, கரடிக் குலத்திலிருந்து வாசேயாவின் அண்ணன் படகோடு வந்தார். அவர்கள் அம்மா படுத்த படுக்கையாம், மகளைப் பார்க்கத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளாம். ஏரி உறைவதற்குள் போயாக வேண்டும். மூட்டையைப் பிரிக்காமல் போனால் ஓடிப்போனவள் என்ற பேர். எங்கள் ஆட்கள் துரத்திப் பிடித்து முகத்தைக் கீறிவிடலாம்.

மூட்டையைப் பிரித்து அவளை அனுப்பும்படி அண்ணன் நேரடியாகக் கேட்டார். கீவேதின் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள். அவர் கொண்டுவந்த சிவப்புக் கம்பளியை மட்டும் நன்றாகப் பார்த்தாள்.

வாசேயா அந்தக் கம்பளியை மூட்டையில் வைத்தாள். அடியில் வைத்திருக்கலாம். மேலேயே, முடிச்சு ஓரமாக, நுனி தெரிகிற மாதிரி வைத்தாள்.

மறுநாள் காலையில் உறைபனி. நெல் வறுக்கிற நெருப்பைச் சுற்றி முப்பது பேர் இருந்தோம், வாசேயாவின் பக்கத்தில் மூட்டை. கீவேதின் நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, என்ன குளிருடி. தம்பிக்கு எதுக்கு இவ்ளோ போர்வை?"

முடிச்சை அவிழ்த்துக் கம்பளியை உருவிப் போர்த்திக்கொண்டாள். ஒன்றரை வருஷமாகத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் மூட்டை அவளுக்குத் தன்னுடையதாகவே ஆகிப்போயிருந்தது.

வாசேயா கரண்டியைக் கீழே வைத்தாள். "கதகதப்பா இருக்கா மதினி?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"உங்க பங்க எடுத்துட்டீங்க. இனிமே தலைய வாரி விடுங்க." இடுப்பிலிருந்து மரச்சீப்பை எடுத்து நீட்டினாள்.

கீவேதின் முகம் வெளுத்தது. கம்பளியை உருவி எறிந்தாள். "சும்மா போத்துனதுடி. எடுத்துக் கட்டு."

"எத மதினி கட்ட? மூட்டை எங்க இருக்கு?"

கயிறு தரையில் அவிழ்ந்து கிடந்தது. கீவேதின் என் பக்கம் திரும்பினாள். "நீ பக்கத்துலதான இருந்த. சொல்லு. நானா அவிழ்த்தேன்?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்கதான் மதினி" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சரி. உனக்கும் ஒரு மூட்டை வரும்டி."

சீப்பைப் பிடுங்கிக்கொண்டு வாசேயாவின் பின்னால் உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷச் சிக்கு. கொத்துக் கொத்தாகப் பிய்த்தாள். வாசேயாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் தலை அசையவில்லை. வாரி முடிந்ததும் எழுந்து நேரே அண்ணன் படகுக்குப் போனாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மாவை உயிரோடு பார்த்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது ஏரி உறைந்துவிட்டது. என் புருஷனுக்கு ஒரு மாதமாக இருமல், நேற்று சளியில் ரத்தம். கீவேதின் தினமும் வந்து தம்பியின் நெஞ்சைத் தடவிக் கொடுக்கிறாள். போகும்போது என் ஜடையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறாள்.