குறடு கொண்டுவந்த ரயில் பெட்டி

மகள்மேல் சத்தியம் செய்ய இப்போது எனக்குப் பயம். அதனால் என்மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: இது நடந்தது. பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ! எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

பழைய பொம்மை ரயில்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. மதியம் இரண்டு பத்துக்குக் கதவைத் தட்டியவன் குறடு. பட்டப்பெயர்தான். பத்தொன்பது வருடம் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவன், போன வருடம்தான் தனியாகப் போனான். என் மகளுக்குப் பெயர் வைத்ததே அவன்தான். அவன் கையில் ஒரு ரயில் பெட்டி இருந்தது. இன்ஜின் தேவையில்லை, உள்ளேயே மோட்டார் வைத்துத் தானாக ஓடும் பழைய ரகம்.

"நாப்பது வருஷமா யாரும் திறக்காத பெட்டிடா. என் கை நடுங்குது. நீ ஓட வச்சுடு," என்றான்.

உட்கார்ந்தால் எழுப்ப முடியாத ஆள், அன்று உட்காரவே இல்லை. "பாப்பா எங்க?" என்று மட்டும் கேட்டான். உள்ளே தூங்குகிறாள் என்றேன். குனிந்த தலை நிமிராமல் போய்விட்டான்.

2.30. அடித்தட்டைக் கழற்றினேன். நாற்பது வருடம் திறக்காத திருகாணியில் புதுக் கீறல்... சக்கரம், மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன், பல்சக்கரம் எல்லாம் சுத்தமாக இருந்தன. மோட்டாருக்கு அடியில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தது. அறுந்ததல்ல, வெட்டியது. குறடு வைத்திருக்கும் கம்பி வெட்டும் கட்டரில் வாயோரம் கொஞ்சம் உடைந்திருக்கும். எதை வெட்டினாலும் நுனியில் ஒரு பிசிறு நிற்கும். இதிலும் நின்றது. பயல் என்னிடமே விளையாடுகிறான் என்று சிரித்துக்கொண்டே கம்பியைச் சால்டர் வைத்து ஒட்டினேன்.

2.50. ஓடியது. வட்டத் தண்டவாளத்தில் டக்... டக்... டக்...

போன் அடித்தது. குறடு.

"ஓடுச்சா?"

"ஓடாம? கம்பியை வெட்டினது நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

ஒரு பெருமூச்சு. "மன்னிச்சுடுடா." வைத்துவிட்டான்.

2.52. சுவிட்சை அணைத்தேன். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. பெட்டியையே தூக்கினேன். கையில் சக்கரங்கள் அசையாமல் இருந்தன.

தண்டவாளத்தில் சத்தம் மட்டும் ஓடியது.

டக்... டக்...

மேசையை விட்டு இறங்கியது.

மகள் தூங்கும் அறைக்குள் போனது.

அவள் கட்டிலைச் சுற்றியது...

மகளை வாரி எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன்.

3.20. குறட்டின் வீடு. அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். அவன் உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டான். மூன்று மாதமாக அவர்கள் மகனின் கட்டிலைத்தான் அது சுற்றியதாம். பெட்டியை நிறுத்தி, இன்னொருவர் கையால் மறுபடி ஓட வைத்தால் அவரோடு போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம்.

பயத்தைவிட அவன் செய்ததுதான் நெஞ்சை அறுத்தது.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கான்னு அவனுக்குத் தோணவே இல்லையாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோணுச்சுண்ணே. முதல்ல பிள்ளை இல்லாத ரெண்டு பேர்கிட்ட குடுத்துப் பார்த்தார். திரும்பி வந்துடுச்சு. குழந்தை இருக்கிற வீட்டுலதான் அது தங்குமாம்..."