பாலுக்கு ஆடு தேடிக் கெலாங் பாத்தா போன கதை

காலை ஆறரை மணிக்குத் தெப்ராவ் சாலையோரம் பஸ்ஸுக்காக நின்றோம். நான், என் மனைவி பாக்கியம், அவள் தோளில் எங்கள் எட்டு மாதப் பிள்ளை. பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை. அன்று நாங்கள் புறப்பட்டது ஊர் பார்க்க அல்ல, ஆடு பார்க்க.

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து பாக்கியத்துக்குப் பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு போகிறது. டின்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னார். அது ஒத்துக்கொண்டது, ஆனால் தோட்டத்தில் இருந்த ஒரே வெள்ளாடு பத்து நாளில் கறவை நின்றுபோயிற்று. குளிப்பாட்டும்போது பிள்ளையின் விலா எலும்பு கையில் தட்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜொகூர் பாருவுக்குத் தலைக்கு இருபது காசு. அங்கிருந்து கெலாங் பாத்தா பஸ்ஸுக்கு நாற்பது காசு. பதினெட்டுக் கட்டை தூரம். மைலை இங்கே கட்டை என்றுதான் சொல்கிறோம். வழியெல்லாம் ரப்பர், பிறகு அன்னாசி, மறுபடியும் ரப்பர். டிரைவர் பேச்சுக்கு அலைகிற ஆள்.

"குடும்பத்தோட எங்கண்ணே?"

"காதர் பாய்கிட்ட செம்மறி வாங்கப் போறோம்."

"கறிக்கா?"

"பாலுக்கு."

"அலமாக்! செம்மறியப் போயி யாரு கறப்பாங்க?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் கறவை வெள்ளாடு எங்கும் அகப்படவில்லை, இந்த வட்டாரத்தில் குட்டி போட்ட ஆடுகள் கிடைப்பது ஆட்டு வியாபாரி காதர் பாய் பட்டியில் மட்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடற்கரைப் பக்கம் கம்பம் என்கிற ஒரு மலாய்க் கிராமத்தின் ஓரத்தில் தென்னை மட்டை வேய்ந்த பட்டி. முப்பது நாற்பது ஆடுகள். கப்பலில் வந்தவை, எல்லாம் கறிக்கு. காதர் பாய் ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"பாலுக்குன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான் கிராணியாரே. பாருங்க, உங்க கண்ணுக்கு எது படுது?"

நான் மேதாவி போல ஒரு வெள்ளை ஆட்டைக் காட்டினேன். மடி பூசணிக்காய் அளவு இருந்தது. பாய் குந்திக் கறந்தார். அரைக் குவளைகூடத் தேறவில்லை. மடி மட்டும் அப்படியே உருண்டு நின்றது.

"இது சதை மடி. கறந்தா வெறும் பை மாதிரி தொங்கணும். இது கறந்தாலும் ஒண்ணு, கறக்காட்டியும் ஒண்ணு."

"அப்ப எதைப் பார்த்து வாங்கறது?"

"தாயைப் பாக்காதீங்க, குட்டியைப் பாருங்க. குட்டி கொழுகொழுன்னு துள்ளுச்சுன்னா தாய்கிட்ட பால் இருக்கு. குட்டி வத்தலா கிடந்தா, அந்தத் தாய் ஒண்ணுத்துக்கும் ஆகாது."

பாக்கியம் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் குச்சிக் கால்களை மூடினாள். பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போனது.

"தங்கச்சி, நான் ஆட்டைத்தான்..."

"தெரியும் பாய்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் விளங்கவில்லை.

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவளே பட்டிக்குள் இறங்கினாள். ஆடுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றைத் தடவினாள். கடைசியில் இரட்டைக் குட்டிகள் இரண்டைப் பிடித்தாள். இரண்டும் திமிறின.

"இதுங்களோட தாய் எது?"

பாய் ஒரு மூலையைக் காட்டினார். எலும்பும் தோலுமாக ஒரு செவலை ஆடு.

"அதுவா? கறிக்கு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான் தங்கச்சி. தின்னுறதெல்லாம் குட்டிங்களுக்கே போயிடுது."

"எனக்கு இதுதான் வேணும்."

குட்டிகளை இரண்டு மணி நேரம் பிரித்து வைத்து, நடுப்பகலில் கறந்தார்கள். ஒன்றரைக் குவளை, கெட்டியான பால். மடி சுருங்கித் துணிப்பை போலத் தொங்கியது. பாய் வீட்டில் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்தார்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பாக்கியம் அழுதுவிட்டாள். நானும்தான்.

குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் தாய் பாலை அடக்கிக்கொள்ளுமாம். ஆகவே மூன்றையும் பதினெட்டு வெள்ளி விலை பேசி வாங்கினோம். மாலை மூன்று மணிக்கு அதே பஸ். ஆட்டுக்கு இருபது காசு. குட்டிகள் என் மடியில், இலவசம். வீட்டில் முதலில் குட்டிகள் கொஞ்சம் குடிக்கும், பிறகுதான் பிள்ளைக்குக் கறக்க வேண்டும் என்று பாக்கியம் வழியிலேயே சொல்லிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, காதர் பாயிடம் பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மறுபடியும் அதே பஸ், அதே டிரைவர். பிள்ளையின் தொடையில் மடிப்பு விழத் தொடங்கியிருந்தது.

"அடேயப்பா, நல்லா தேறிட்டானேலா! தாயைத்தான் மெச்சணும்" என்றார் டிரைவர்.

"எந்தத் தாயை அண்ணே?" என்று கேட்டாள் பாக்கியம். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.