றிச்மண்ட் ஹில் பனியில் கதவைத் தட்டிய நெருப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரிச் சனிக்கிழமை, ஒரு கதையின் மிச்சத்தைக் கேட்பதற்காக, நகரின் கிழக்கிலுள்ள மோர்னிங்சைடிலிருந்து வடக்கே றிச்மண்ட் ஹில் போனேன். கோயிலுக்கல்லாமல் அந்தப் பக்கம் போனது அதுவே முதல் தடவை.

என்னோடு தையல் ஃபக்டரியில் வேலை செய்த ஃபிலோமின் அங்கேதான் இருந்தாள்; டொமினிக்கா என்ற கரீபியன் தீவுக்காரி. வீட்டில் பேசுவது கிரியோல் என்ற பிரெஞ்சுக் கலப்பு மொழி. ஒருநாள் மதிய இடைவேளையில் பேய்க்கதை ஒன்றைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டாள். "பகலிலை சொல்லக்கூடாது. இருட்டினாப் பிறகு வீட்டை வா." (நாங்கள் பேசிய உடைந்த ஆங்கிலத்தை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.)

மூன்று பஸ், கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். நகர எல்லையான ஸ்டீல்ஸ் தெருவைத் தாண்டினால் வேறு டிக்கெட் எடுக்கவேண்டும்.

ஐந்து மணிக்கே இருண்டுவிட்டது. ஃபிலோமின் விளக்கை அணைத்துவிட்டு "டிம் டிம்!" என்று கத்தினாள். நான் "ப்வா சேஷ்!" என்று பதில் கத்தவேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. பகலில் அயல்வீட்டுக் கிழவியாக இருக்கும் சுக்குயான், இரவில் தோலைக் கழற்றி உரலுக்குள் ஒளித்துவிட்டு நெருப்புப் பந்தாகப் பறந்துவந்து இரத்தம் குடிப்பாள். தட்டினால் திறக்கவே கூடாது. சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் உள்ளங்கால் குளிர்ந்தது. ஊரில் சண்டைக்காலத்தில் பிளேன் போடும் வெளிச்சக்குண்டு இறங்கும்போது பங்கர்க் குழிக்குள் இருந்தவளுக்கு, பறந்துவரும் நெருப்பு வெறும் கதையல்ல.

இரவு நெடுநேரமாகி வெளியே வந்தபோது பனி கொட்டியது. பஸ் இல்லை. ரக்சி பிடித்தேன். சாரதி கோஃபி, கானா நாட்டவர். தெருமுனை தாண்டவில்லை, சில்லு பனியில் புதைந்துவிட்டது. உதவி வரும்வரை ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தோம். பொழுது போகட்டும் என்று கதையைச் சொன்னேன். கோஃபியின் முகம் மாறியது.

"உதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒரு டொமினிக்காக்காரி."

"உது எங்கடை கதையெல்லோ! என்ரை பெரியம்மாவை ஊரிலை உப்பிடித்தான் சொல்லுவினம். உடம்பைக் கட்டிலிலை விட்டிட்டு நெருப்பாப் போறவ எண்டு. பகலிலை உதைப் பற்றிக் கதைக்கவும் விடமாட்டினம்."

கரீபியனை அவர் கண்டதே இல்லையாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. தலை வேறு விண்விண்ணென்று வலித்தது.

அப்போது வெள்ளைப் பனிக்குள் மஞ்சள் வெளிச்சமொன்று ஆடி ஆடி வந்தது. கோஃபி கதவுகளைப் பூட்டினார். அது கண்ணாடியோடு ஒட்டி நின்று தட்டியது. முகம் இல்லை, வெளிச்சம் மட்டுந்தான். ஏதோ கத்தியது, காற்றில் ஒன்றும் விளங்கவில்லை. "திறக்காதேங்கோ!" என்றார் கோஃபி. நானும் திறக்கும் எண்ணத்தில் இல்லை. ஆனால் வயிற்றைப் பிரட்டியது. காருக்குள் சத்தி எடுக்க வெட்கப்பட்டுக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

"எஞ்சினை நிப்பாட்டுங்கோ! புகைக்குழாய் பனிக்குள்ளை தாண்டு போச்சு! சாகப்போறியளே?"

இரவுச் சட்டைக்கு மேல் கோட்டும் கையில் ரோர்ச்சுமாக ஃபிலோமின். ரக்சி நகராமல் நிற்பதை ஜன்னலால் கண்டு ஓடி வந்திருக்கிறாள். தலைவலி பயத்தால் வந்தது என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் எஞ்சினின் நச்சுப்புகைதான் காருக்குள் வந்துகொண்டிருந்தது.

அவளுடைய சமையலறையில் மூவரும் கொக்கோ குடித்தோம். 'உது எங்கடை கதை' என்று கோஃபி அவளிடமும் சொல்ல, கழற்றிவிட்டுப் போவது தோலையா, உடம்பையா என்று இருவரும் வாதாடினார்கள். திடீரென்று ஃபிலோமின் கேட்டாள்: "எங்கடை ஆக்களை அடிமையாக் கப்பலிலை ஏத்தினது உங்கடை ஊரிலையோ?"

கோஃபி கோப்பையை மேசையில் வைத்தார். "ஊர் தெரியாது. அந்தக் கரைதான்."

"இவ்வளவு காலத்திலை ஒருத்தர் 'உது எங்கடை' எண்டு சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்று அவள் அழுதாள். அதற்குப் பிறகு இருவரும் எனக்கு விளங்காத கதைகளை மாறி மாறிச் சொன்னார்கள்.

குளிர்காலத்தில் வடக்கே போகிறவர்களுக்கு: காரில் பனி அள்ளும் சவள் வைத்திருங்கள். புதைந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அள்ளுங்கள், பிறகுதான் ஹீற்றர். தலை வலித்தால் உடனே இறங்குங்கள். யாராவது தட்டினால், எவ்வளவு பயமாக இருந்தாலும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.